ஐந்து சென்ட் பாட்டிலும் பிளாச்சிமடாக் கிணறும்

(பெருமாட்டியில் நடந்த குடும்பக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை. கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விக்குச் சொன்ன பதிலையும் சேர்த்து இங்கே தருகிறோம்.)



இன்றைக்கு அமெரிக்காவைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னதும், முன்வரிசையில் இருக்கும் ஒரு தாய் கேட்டார்: "அமெரிக்காக்காரன் என்ன வாங்குகிறான், எப்படிச் செலவு செய்கிறான் என்பது நமக்கெதற்குத் தம்பி? நம் வீட்டுச் செலவுக்கே வழியைக் காணோமே!" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் நாம் இந்த இடத்தை விட்டுப் போவது சரியாகாது.

நாம் உட்கார்ந்திருக்கும் இதே பெருமாட்டிப் பஞ்சாயத்தில்தான் பிளாச்சிமடா இருக்கிறது. அங்கே 30 ஏக்கருக்கு மேலான இடத்தை வளைத்து ஒரு சுற்றுச்சுவர் நிற்கிறது. உங்களில் பலர் அந்தச் சுவரைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறீர்கள். அந்தச் சுவருக்குள் வந்து உட்கார்ந்த கோகோ கோலாக் கம்பெனி, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டா என்ற நகரத்தில் பிறந்தது. அங்கே பிறந்தது ஏன் இங்கே வந்து நம் கிணற்றடியில் நின்றது? இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்து அமெரிக்காவுக்குக் கொஞ்ச நேரம் போய்த்தான் வர வேண்டும்.

யுத்தத்தோடு கிளம்பிய பாட்டில்

1941 டிசம்பரில் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது. அப்போது கோகோ கோலாக் கம்பெனியின் தலைவராக இருந்தவர் ராபர்ட் உட்ரஃப். யூனிபாரம் போட்ட ஒவ்வொரு அமெரிக்கச் சிப்பாய்க்கும், அவன் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும், ஐந்து சென்ட் விலைக்கு ஒரு பாட்டில் கிடைக்க வேண்டும், கம்பெனிக்கு என்ன செலவானாலும் சரி என்று அவர் உத்தரவு போட்டார். கேட்டால் தேசபக்தி போலத் தெரியும். ஆனால் கணக்குத் தெரிந்த வியாபாரியின் உத்தரவு அது. 1943ல் வட ஆப்பிரிக்காவிலிருந்து தளபதி ஐசனோவர் பத்துத் தொழிற்சாலைகளுக்கான இயந்திரங்களையும் 30 லட்சம் பாட்டில்களையும் அனுப்பச் சொல்லித் தந்தி அடித்தார். யுத்தம் முடிவதற்குள் பாட்டில் நிரப்பும் தொழிற்சாலைகள் 64, ராணுவத்தின் பின்னாலேயே கடல் கடந்து போய்விட்டன. சிப்பாய்கள் குடித்தது 500 கோடி பாட்டில்களுக்கு மேல் என்று கம்பெனியே பெருமையாகச் சொல்லிக்கொண்டது. துப்பாக்கி ஊர் திரும்பியது. தொழிற்சாலைகளில் பல அங்கங்கே தங்கிவிட்டன. நாடு நாடாகப் போவதற்கு அந்தக் கம்பெனி பாதை போட்டது இப்படித்தான்.

உள்நாட்டில் என்ன நடந்தது? 1942 பிப்ரவரியில் அங்கே சொந்த உபயோகத்துக்கான கார் உற்பத்தியை அரசாங்கமே நிறுத்தியது. கார் செய்த பட்டறையெல்லாம் டாங்கியும் விமானமும் செய்தன. கையில் கூலி இருந்தது, கடையில் சரக்கு இல்லை. ஜனங்கள் யுத்தப் பத்திரங்களில் பணம் சேர்த்து வைத்தார்கள். 1945ல் யுத்தம் முடிந்ததும் முதலாளிகளுக்கு ஒரு பயம் வந்தது. இத்தனை பெரிய தொழிற்சாலைகள் இனி என்ன செய்யும்? 1930களில் கண்ட மந்தமும் வேலையில்லாத் திண்டாட்டமும் திரும்பி வந்துவிடுமோ? அதற்கு அவர்கள் கண்ட மருந்து, ஜனங்களை வாங்க வைப்பது. வாங்கியதை மறுபடியும் வாங்க வைப்பது.

கூலி எப்படி உயர்ந்தது?

இந்த இடத்தில் சங்கம் என்ற முறையில் நாம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து அமெரிக்கத் தொழிலாளி காரும் வீடும் வாங்கினான் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எந்தப் பணத்தில் வாங்கினான் என்பதைச் சிலர்தான் எழுதுகிறார்கள். முதலாளி மனமிரங்கிக் கொடுத்த பணம் அல்ல அது. 1945 நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 113 நாள் கொடியை இறக்காமல் நின்றார்கள். உருக்கு, நிலக்கரி, மின்சாதனம், ரயில்வே என்று அடுத்தடுத்து லட்சக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். 1950ல் அதே மோட்டார் தொழிலாளர் சங்கம் ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டது. விலைவாசி ஏறினால் கூலியும் ஏற வேண்டும், ஓய்வு பெற்றால் பென்ஷன் வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டது. 1950களின் நடுவில் அங்கே கூலி வேலை செய்வோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தார்.

இன்னொன்று, யுத்தத்திலிருந்து திரும்பியவர்களுக்குப் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் 1944லேயே அரசாங்கம் சட்டம் போட்டது. ஆக, அந்த நாட்டுக் கடைத்தெருவில் கூட்டம் கூடியதற்குப் பின்னால் சங்கத்தின் போராட்டமும் இருந்தது, அரசாங்கத்தின் பணமும் இருந்தது. இதை மனதில் வையுங்கள். பின்னால் நம் கதைக்கு வரும்போது இது தேவைப்படும்.

ஆசையைத் தயாரித்த பட்டறை

கையில் பணம் வந்தது. அந்தப் பணத்தை எப்படிக் கறப்பது என்பதற்கு ஒரு முறை வகுத்தார்கள். அதை மூன்றாகப் பிரித்துச் சொல்லலாம்.

முதலாவது, விளம்பரம். 1950ல் அமெரிக்காவில் நூறு வீட்டில் ஒன்பது வீட்டில்தான் டெலிவிஷன் இருந்தது. 1960க்குள் ஏறக்குறைய தொண்ணூறு வீட்டுக்குள் அது நுழைந்துவிட்டது. பத்தே வருஷத்தில் வியாபாரி வீட்டு நடுக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டான். எந்தச் சோப்பு போட்டால் நல்ல தாய், எந்தக் கார் வைத்திருந்தால் நல்ல தகப்பன் என்று குழந்தைகளுக்கே பாடம் நடத்தினான். மனுஷன் மனசுக்குள் புகுந்து விற்பதற்கு மனோதத்துவ நிபுணர்களையே கம்பெனிகள் சம்பளத்துக்கு வைத்திருந்ததை வான்ஸ் பக்கார்டு என்ற பத்திரிகையாளர் 1957ல் ஒரு புத்தகமாகவே எழுதி அம்பலப்படுத்தினார்.

இரண்டாவது, உழைக்கும் பொருளையும் பழசாக்கும் வித்தை. கார் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த வருஷம் அதன் பின்பக்கத்தில் மீன் துடுப்பு மாதிரி ஒரு தகட்டை வளைத்துப் புது மாடல் என்று விடுவார்கள். ஓடுகிற வண்டி ஒரே நாளில் பழைய வண்டியாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரன் மாற்றினால் இவனும் மாற்றியாக வேண்டும். வீணாக்குவதையே தொழிலாக்கிவிட்டார்கள் என்று அதே பக்கார்டு 1960ல் இன்னொரு புத்தகம் எழுதினார்.

மூன்றாவது, கடன். 1950ல் டைனர்ஸ் கிளப் அட்டை வந்தது. 1958ல் கலிபோர்னியா மாநிலத்தின் ஃபிரெஸ்னோ நகரத்தில் ஒரு பெரிய பாங்கு, யாரும் கேட்காமலே, 60,000 கடன் அட்டைகளைத் தபாலில் அனுப்பிவைத்தது. கடன் வாங்குகிறவன் பாங்கு வாசலில் காத்திருந்த காலம் போய், கடனே கதவைத் தட்டும் காலம் அன்றைக்குப் பிறந்தது. இன்று உங்கள் போனுக்கு, "உங்களுக்கு 50,000 ரூபாய் அனுமதிக்கப்பட்டுள்ளது" என்று தினம் ஒரு செய்தி வருகிறதே, அதன் மூத்த அண்ணன் அந்த ஃபிரெஸ்னோ அட்டை.

இந்த வாழ்க்கையையே தங்கள் கொடியாகவும் தூக்கிப் பிடித்தார்கள். 1959 ஜூலையில் மாஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சியில், மாதிரிச் சமையலறை ஒன்றின் முன்னால் நின்றுகொண்டு, அமெரிக்கத் துணை ஜனாதிபதி நிக்சன் சோவியத் பிரதமர் குருஷேவோடு வாதாடினார். அணுகுண்டு வைத்திருந்த இரண்டு வல்லரசுகள் வாஷிங் மெஷினை நடுவில் வைத்துச் சண்டை போட்ட அதிசயத்தை உலகம் பார்த்தது.

கடைக்குள் விட்டார்கள், உட்கார விடவில்லை

இந்தப் பந்தியில் எல்லோருக்கும் இலை போடப்பட்டதா? இல்லை.

நியூயார்க் பக்கத்தில் உருளைக்கிழங்கு விளைந்த வயல்களில் 1947 முதல் லெவிட் என்ற கம்பெனி 17,000க்கு மேற்பட்ட வீடுகளை ஒரே அச்சில் வார்த்தது போலக் கட்டி விற்றது. லெவிட்டவுன் என்று பெயர். தொழிலாளியும் சொந்த வீட்டில் வாழலாம் என்பதற்கு அதைத்தான் உதாரணம் காட்டினார்கள். ஆனால் அங்கே கறுப்பின மக்களுக்கு வீடு கிடையாது. வெள்ளையரல்லாதார் குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். அதே யுத்தத்தில் போரிட்டுத் திரும்பிய கறுப்புச் சிப்பாய்க்கும் அதுதான் பதில்.

1960 பிப்ரவரி 1ஆம் தேதி கிரீன்ஸ்பரோ என்ற ஊரில், உல்வொர்த் என்ற பெரிய கடைக்குள் நான்கு கறுப்பின மாணவர்கள் போனார்கள். பற்பசையும் நோட்டும் வாங்கினார்கள். காசை வாங்கிக்கொண்டு கடைக்காரர் ரசீது கொடுத்தார். அப்புறம் அதே கடையில் காபி குடிக்கும் மேஜையில் போய் உட்கார்ந்தார்கள். அங்கே அவர்களுக்குப் பரிமாற மாட்டோம் என்றார்கள். மாணவர்கள் எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டம் அமெரிக்காவின் தென் மாநிலங்கள் முழுவதும் பரவியது.

தோழர்களே, உன் காசு வேண்டும், நீ வேண்டாம் என்கிற அந்த நியாயம் நமக்குப் புரியாததா? டீக்கடையில் தனிக் கிளாஸ் வைத்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தக் கடைக்காரர்களும் காசை மட்டும் தனியாகப் பிரித்து வைக்கவில்லை.

77ல் போனது, 93ல் வந்தது

அந்தப் பாட்டில் நம் நாட்டுக்கு வந்தது 1950களில். 1973ல் வந்த அந்நியச் செலாவணிச் சட்டம், வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் பங்கை நூற்றுக்கு நாற்பதாகக் குறைக்க வேண்டும் என்றது. 1977ல் ஜனதா ஆட்சி வந்தது. தொழில் மந்திரியாக ஜார்ஜ் பெர்னாண்டஸ் உட்கார்ந்தார். 1974 மே மாதம் இருபது நாள் நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர். ரயில்வேயில் வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்களின் வீடுகளில் அந்த மேயைப் பற்றி இன்றும் பேசுவார்கள். சட்டத்துக்கு உட்பட்டு நட, தொழில் ரகசியத்தையும் இந்தியக் கம்பெனிக்குக் கொடு என்று அவர் சொன்னார். முடியாது என்று கோகோ கோலா மூட்டை கட்டியது.

அந்த இடத்தில் அரசாங்கக் கம்பெனி ஒன்று '77' என்ற பெயரிலேயே ஒரு பானம் விட்டது. கேம்பா கோலா, தம்ஸ் அப் என்று நம் நாட்டு முதலாளிகளின் சரக்கும் வந்தது. ஆசையோ போகவில்லை, பாட்டிலின் பெயர்தான் மாறியது. 1991ல் கதவு திறந்தது. 1993ல் கோகோ கோலா திரும்பி வந்தது. வந்த வருஷத்திலேயே தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் ஆகிய பெயர்களை விலைக்கு வாங்கிவிட்டது. பிறகு ஐந்து ரூபாய்க்குச் சின்னப் பாட்டில், சினிமா நட்சத்திரத்தை வைத்து விளம்பரம் என்று கிராமத்துப் பெட்டிக்கடை வரைக்கும் இறங்கியது. யுத்த காலத்து ஐந்து சென்ட் தந்திரம்தான் இங்கே ஐந்து ரூபாயாக வந்தது. மலிவாகப் பழக்கு, பிறகு கேட்கிற விலை கொடுப்பான்.

நம் கிணற்றடியில்

இனி நம் ஊருக்கு வருவோம். சித்தூர் தாலூகாவின் இந்தக் கிழக்குப் பக்கம் மழை குறைந்த பூமி. ஆழியாற்றுத் தண்ணீரை நம்பி வாழ்கிறோம். அந்தத் தண்ணீருக்காக இரண்டு மாநிலமும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, அதிலும் வருஷா வருஷம் தகராறு நடக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் 2000 ஜனவரியில் பஞ்சாயத்து லைசென்ஸ் கொடுத்தது. மார்ச் மாதம் ஆலை ஓடத் தொடங்கியது. ஊருக்கு வேலை வரும், பஞ்சாயத்துக்கு வரி வரும் என்று எல்லோரும் நம்பினார்கள். நம் குடும்பங்களிலிருந்தும் அங்கே லோடு ஏற்றப் போனவர்கள் உண்டு. அதை மறைப்பதில் லாபமில்லை.

ஆழ்குழாய்க் கிணறுகளைப் போட்டு உறிஞ்சினார்கள். நாளொன்றுக்குச் சுமார் 5 லட்சம் லிட்டர் என்பது நீதிமன்றத்தில் பேசப்பட்ட கணக்கு. போராடிய மக்கள் அதைவிட மிக அதிகம் என்றார்கள். குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். 15 லிட்டர் பிடிக்கும் குடமென்றால் ஒரு நாளைக்கு 33,000 குடங்களுக்கு மேல். தாய்மார்களே, உங்கள் இடுப்புக்குத்தான் தெரியும் 33,000 குடம் என்றால் என்னவென்று.

ஒன்றிரண்டு வருஷத்திலேயே சுற்றுப்பக்கத்துக் கிணறுகளில் மட்டம் இறங்கியது. இருந்த தண்ணீரும் கெட்டது. அதில் சோறு வடித்தால் சோறு கெடுகிறது, பருப்பு வேகவில்லை, குளித்தால் உடம்பெல்லாம் அரிக்கிறது என்று பெண்கள் சொன்னார்கள். ஆலையிலிருந்து வந்த கழிவுச் சேற்றை உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். 2003ல் லண்டன் பி.பி.சி. வானொலிக்காரர்கள் அதை எடுத்துப் போய் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் சோதித்தபோது, காட்மியமும் ஈயமும் இருப்பது தெரிந்தது. நஞ்சை உரமென்று வயலில் இறைத்திருக்கிறார்கள்.

முதலில் எழுந்து நின்றவர்கள் யார்? பெரிய கட்சிகள் ஆரம்பத்தில் விலகித்தான் நின்றன. எழுந்தவர்கள் எரவாளர், மலசர் ஆகிய ஆதிவாசி மக்கள். நம்மைப் போலவே வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் அவர்களில் பலர். அதிகம் படிக்காத மயிலம்மா என்ற எரவாளப் பெண், தன் கிணற்றுத் தண்ணீர் கெட்டதை முன்வைத்துக் கேள்வி கேட்டார். 2002 ஏப்ரல் 22ஆம் தேதி ஆலை வாசலில் பந்தல் போட்டார்கள். சி. கே. ஜானு வந்து போராட்டத்தைத் தொடங்கி வைத்தார். கூலி வேலையை விட்டுவிட்டு வெயிலிலும் மழையிலும் பந்தலில் உட்கார்ந்தவர்களில் பெண்களே அதிகம்.

2003 ஏப்ரலில் பெருமாட்டிப் பஞ்சாயத்து, லைசென்சைப் புதுப்பிப்பதில்லை என்று தீர்மானித்தது. கொடுத்த கையே திருத்திக்கொண்டது. பஞ்சாயத்துத் தலைவர் ஏ. கிருஷ்ணனும் உறுப்பினர்களும் இதற்காகப் பட்ட பாட்டை ஊர் அறியும். வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போனது. 2003 டிசம்பர் 16ஆம் தேதி நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் தீர்ப்பளித்தார். நிலத்தடி நீர் மக்கள் எல்லோருக்கும் சொந்தம், அரசு அதற்குக் காவலாளி மாத்திரமே, ஒரு தனியார் இவ்வளவு எடுக்க அனுமதிக்க முடியாது என்பது அதன் சாரம். 2004ல் வறட்சியைக் காரணம் காட்டி மாநில அரசு தண்ணீர் எடுக்கத் தடை போட்டது. மார்ச் 9ஆம் தேதி ஆலை நின்றது.

கதை அதோடு முடியவில்லை. 2005 ஏப்ரலில் ஹைகோர்ட்டின் இரு நீதிபதிகள் பெஞ்ச், நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பை மாற்றியது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. கோர்ட்டு அனுமதித்தும் ஆலை ஓடவில்லை. பந்தல் கலையாததுதான் காரணம். மயிலம்மா 2007 ஜனவரியில் காலமானார். இங்கே இனி உற்பத்தி செய்யப்போவதில்லை என்று கம்பெனி சுப்ரீம் கோர்ட்டில் சொன்னது 2017 ஜூலையில். 2021ல் கொரோனா காலத்தில் அந்தக் கட்டிடத்தையே சிகிச்சை மையமாக்கினார்கள். 2023ல் நிலமும் கட்டிடமும் அரசாங்கத்தின் கைக்கு வந்தன.

நட்டஈடு? 2010ல் அரசு அமைத்த உயர்மட்டக் குழு, விவசாயம், தண்ணீர், உடல்நலம், கூலி இழப்பு என்று எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து, 216 கோடி ரூபாய்க்கு மேல் சேதம் என்று எழுதிக் கொடுத்தது. 2011 பிப்ரவரியில் கேரள சட்டசபை, நட்டஈட்டுக்குத் தனி நடுவர் மன்றம் அமைக்க மசோதா நிறைவேற்றியது. ஜனாதிபதியின் ஒப்புதலுக்காக டில்லி போன அந்தக் காகிதம் ஒப்புதல் இல்லாமலே திரும்பியது. ஆலை மூடப்பட்டது, சுவர் அரசாங்கத்துடையது ஆனது, பத்திரிகைகள் வெற்றி என்று எழுதின. கிணறு கெட்டவர்களுக்கு வர வேண்டிய பணம் வரவில்லை.

இப்போது ஐந்து சென்ட் பாட்டிலை நினைத்துப் பாருங்கள். அது எப்படி மலிவாகக் கிடைத்தது? இப்படி எங்கோ ஓரிடத்தில், தண்ணீருக்கு விலை கொடுக்காமல் எடுத்ததால்தான் மலிவு. பாட்டிலின் மேல் அச்சடித்த விலையில் மயிலம்மாவின் கிணறு சேர்க்கப்படவில்லை. அதைச் சேர்த்து எழுதிய காகிதம்தான் அந்த 216 கோடிக் கணக்கு.

சம்பளம் வராமல் ஆசை மட்டும் வந்தது

இனி நம் வீட்டுக்குள் வருவோம். ரயில்வே பார்சல் ஆபீசில் இருக்கும் எங்கள் கண்ணில் படுவதைச் சொல்கிறோம். ஓணத்துக்கும் தீபாவளிக்கும் முன்னால் பார்சல் ஆபீசில் கால் வைக்க இடமிருக்காது. டெலிவிஷன் பெட்டி, வாஷிங் மெஷின், மோட்டார் சைக்கிள் என்று குவியும். பார்ப்பதற்குச் சந்தோஷம்தான். ஆனால் அவற்றில் எத்தனை பெட்டி முழுப்பணம் கட்டி வாங்கியது?

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கணக்கு இது. பெயர் வேண்டாம். கணவர் கட்டிட வேலை, மனைவி தென்னந்தோப்பில் கூலி. 18,000 ரூபாய் பிரிட்ஜைத் தவணையில் எடுத்தார்கள். முன்பணம் 3,000. மாதம் 1,650 வீதம் பத்து மாதம். பத்திரச் செலவு 700. கூட்டிப் பாருங்கள், 20,200. இதுவரை பரவாயில்லை. மூன்றாம் மாதம் மழை பிடித்தது. இரண்டு வாரம் கட்டிட வேலை இல்லை. பாங்கில் பணம் இல்லாததால் தவணை திரும்பியது. கடன் கொடுத்தவனும் அபராதம் போட்டான், பாங்கும் அபராதம் போட்டது. அதை அடைக்க, வாரா வாரம் கட்டும் குழுக் கடனில் 30,000 எடுத்தார்கள். வாரம் 680 வீதம் ஐம்பது வாரம், அதாவது 34,000. ஒரு வாரம் தவறினால் வசூல்காரர் இருட்டும் வரை திண்ணையில் உட்கார்ந்திருப்பார். குழுவில் இருக்கும் மற்றப் பெண்களும் சேர்ந்து உட்கார வேண்டும். நேற்று வரைக்கும் அக்கா தங்கையாக இருந்தவர்கள் இன்று பேசிக்கொள்வதில்லை. கடைசியில் அந்த அம்மாவின் காதுத் தோடு அடகுக்குப் போனது. பெண்ணின் படிப்புக்குக் கட்ட வேண்டிய பீஸ் ஒரு பருவம் தள்ளிப்போனது.

இங்கேதான் முதலில் சொன்னதை ஞாபகப்படுத்துகிறோம். அமெரிக்கத் தொழிலாளி முதலில் 113 நாள் போராடிக் கூலியை உயர்த்தினான், அதற்குப் பிறகு கடைக்குப் போனான். அவனுக்கு மழை பெய்தாலும் சம்பளம் உண்டு, விலை ஏறினால் கூலியும் ஏறும், வயதானால் பென்ஷன் உண்டு. நமக்கு அந்தக் கூலி வரவில்லை. நிரந்தர வேலை வரவில்லை. விளம்பரமும் தவணையும் மாத்திரம் அப்படியே வந்து சேர்ந்திருக்கின்றன. அமெரிக்காவிலேயே பின்னால் என்ன ஆயிற்று? 1970களுக்குப் பிறகு சங்கங்கள் பலமிழந்தன, கூலி உயர்வது மந்தமானது. ஆனால் வாங்கும் பழக்கம் நிற்கவில்லை. கடனில் வாங்கினார்கள். 2008ல் அந்தக் கடன் கோபுரம் சரிந்தபோது லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின.

மிக்ஸி வேண்டாமா?

கூட்டத்தில் ஒரு தங்கை எழுந்து கேட்டார்: "அப்படியானால் நாங்கள் மிக்ஸியும் கிரைண்டரும் வாங்கக் கூடாதா? அம்மிக்கே திரும்பிப் போகச் சொல்கிறீர்களா?"

நல்ல கேள்வி. அம்மியில் அரைத்துக் கை தேய்ந்தவர்கள் பெண்கள். அம்மியின் பெருமையைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். விடிகாலையில் எழுந்து தண்ணீர் எடுத்து, அரைத்து, சமைத்து, அப்புறம் தோப்புக்கு ஓடும் தாய்க்கு ஒரு மிக்ஸி அரை மணி நேரத்தைத் திருப்பித் தருகிறதென்றால், அதை வேண்டாமென்று சொல்ல எந்தச் சங்கத்துக்கும் அருகதை கிடையாது. பிரிட்ஜும் அப்படித்தான், அந்தக் குடும்பம் பிரிட்ஜ் வாங்கியதைக் குற்றமென்று நாம் சொல்லவில்லை. உழைப்பைக் குறைக்கும் பொருள் உழைப்பவர்களுக்குத்தான் முதலில் சேர வேண்டும். தமிழ்நாட்டில் 2011க்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியை அரசே கொடுத்தபோது, இலவசம் என்று கேலி பேசியவர்கள் உண்டு. வாங்கிய தாய்மார்கள் கேலி பேசவில்லை.

ஆனால் ஒவ்வொரு பொருளிடமும் நாம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இது என் உழைப்பைக் குறைக்கிறதா, அல்லது பக்கத்து வீட்டுக்குக் காட்டவா? இதன் முழு விலை என்ன? இது மலிவாகக் கிடைக்க யார் விலை கொடுத்தார்கள்? கருப்புத் தண்ணீர் பாட்டிலை இந்த மூன்று கேள்விக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள். அது ஒன்றுக்கும் பதில் சொல்லாது.

வெளிநாட்டுப் பாட்டிலை விட்டு நம் நாட்டுப் பாட்டிலுக்கு மாறினால் போதும் என்பாரும் உண்டு. 2017ல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் தீர்மானித்தன. நல்ல உணர்வுதான். ஆனால் மறுநாளே, தாமிரபரணித் தண்ணீரைக் கங்கைகொண்டான் ஆலைகளுக்குக் கொடுப்பதற்கு இருந்த தடையை மதுரை ஹைகோர்ட்டு கிளை நீக்கியது. பழைய கேம்பாவும் இப்போது ஒரு பெரிய இந்திய முதலாளியின் கையில் மறுபடி சந்தைக்கு வந்திருக்கிறது. முதலாளி எந்த நாட்டுக்காரன் என்பதைப் பார்த்துக் கிணறு வற்றுவதில்லை. எவ்வளவு எடுக்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வற்றுகிறது.

என்ன செய்யப் போகிறோம்?

பேசிக் கலைவதற்காக நாம் கூடவில்லை. மூன்று வேலைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று, தவணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன், காகிதத்தை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். அது மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். நாங்கள் படித்துச் சொல்கிறோம். முன்பணம், தவணை, அபராதம் எல்லாம் கூட்டி மொத்த விலையை ஒரு நோட்டில் எழுதுவோம். மழை வாரத்துக்கு என்ன வழி என்பதையும் அதில் எழுதுவோம். அதற்குப் பிறகு வாங்குவதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

இரண்டு, கிராமசபைக்குப் போக வேண்டும். "நமக்கு மலையாளம் வராது, நாம் வெளியூர்" என்று எத்தனை நாள் வீட்டில் இருப்பது? இந்த மாநிலத்தில் தமிழ் பேசும் மொழிச் சிறுபான்மையினருக்குத் தமிழிலேயே அரசுக்கு எழுதும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஒரு பஞ்சாயத்து உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றுக்கு லைசென்ஸ் மறுத்தது இதே பெருமாட்டியில்தான். புது ஆலை வந்தாலும், புது ஆழ்குழாய்க் கிணறு வந்தாலும், எத்தனை குடம் எடுக்கப் போகிறாய் என்று கேட்கும் முதல் குரல் நம் குடும்பங்களிலிருந்து வர வேண்டும்.

மூன்று, பிளாச்சிமடா மக்களின் நட்டஈடு. அது அவர்கள் பிரச்சினை, நமக்கென்ன என்று இருக்கலாகாது. அதே தண்ணீரைக் குடித்தவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அந்த ஆலையில் லோடு ஏற்றிக் கூலி வாங்கியவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அந்தக் கூலிக்கு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை, வயிற்றுக்காகப் போனோம். ஆனால் அதற்கொரு கடமை உண்டு. குழு எழுதிய 216 கோடியை வசூலித்துக் கொடுக்கும் சட்டத்தை மாநில அரசு மறுபடி கொண்டுவர வேண்டும் என்று நம் சங்கத்தின் பெயரில் தமிழில் மனு எழுதி வைத்திருக்கிறோம். போகும்போது மேஜையில் இருக்கும். படித்துப் பார்த்து, சம்மதமென்றால் கையெழுத்துப் போடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வையுங்கள். அந்தப் பந்தலில் உட்கார்ந்தவர்களிலும் எழுதத் தெரியாதவர்கள் பலர் இருந்தார்கள்.

தாகத்துக்கு வெளியே பானை வைத்திருக்கிறோம். குழாய்த் தண்ணீர், கொதிக்க வைத்து ஆற்றியது. எல்லோரும் குடித்துவிட்டுப் போங்கள்.